உனக்கு விருப்பமா, லாஸ்?

"லாஸ், இந்தப் பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டு மூணாம் வரிசைக்குப் போகணும்னு உனக்கு இருக்கா, எனக்காக?" என்று கேட்டான் திராட்சை பேக்கிங் கொட்டகையின் மேனேஜர் வெய்ன்.

லோசலின் கையிலிருந்த திராட்சைக் குலையைத் திருப்பிப் பார்த்தாள். அழுகின பழம் ரெண்டைக் கத்தரியால் நறுக்கிக் கீழே போட்டாள். குலையைப் பெட்டியில் படுக்க வைத்தாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இல்லை."

வெய்ன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். "சரி, சரி, பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தான். எட்டடி தள்ளி ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவனிடம் போய் நின்றான்.

"அவளுக்கு ஒண்ணும் புரியலைப்பா. அவளை அங்க போகச் சொல்லி நீ அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்."

எட்டடி என்பது எவ்வளவு தூரம்? அவள் ரெண்டடி எடுத்து வைத்துக் கை நீட்டினால் அவன் சட்டைக் காலரைப் பிடிக்கலாம். அவள் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே அவளை 'அவள்' ஆக்கிவிட்டான். இந்தப் பலாங்கிகளுக்கு, அதாவது வெள்ளைக்காரர்களுக்கு, இது ஒரு பழக்கம். ஆளை எதிரில் வைத்துக்கொண்டே 'அவளைச் சொல்ல வை', 'அவளோட போ', 'அவகிட்டேர்ந்து வாங்கு' என்று பந்து மாதிரி ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்கு எறிவார்கள்.

ஜனவரியில் அறுவடை தொடங்கின ரெண்டே வாரத்தில் இது மூன்றாவது 'இல்லை'. முதல் தடவை குளிர் அறையிலிருந்து தட்டு எடுத்து வர விருப்பமா என்று கேட்டான். இரண்டாவது தடவை தரையைக் கூட்ட விருப்பமா என்று கேட்டான். கேட்ட கேள்விக்கு அவள் உண்மையைச் சொன்னாள். கூடவே, விருப்பமில்லை என்று சொன்ன மூன்று வேலையையும் அவன் அந்தப் பக்கம் போனதும் அவளே செய்து முடித்துத்தான் இருந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

புரியவில்லையாம். பதினேழு வருஷமாக அவள் ஆஸ்திரேலியாவில், முர்ரே ஆற்றங்கரையில் இந்த ஊரில் இருக்கிறாள். முதல் ஏழு வருஷம் தோட்டத்தில் கொடி கட்டினாள். பத்து வருஷமாக இந்தக் கொட்டகையில் ஒன்பது பெண்களுக்கு மேஸ்திரி. 'டூ யூ வாண்ட் டு' என்று ஒரு பலாங்கி ஆரம்பித்தால் அது கேள்வி இல்லை, உத்தரவு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அப்படிப் பதில் சொன்னாள்.

அவள் பிறந்த டோங்காத் தீவில் ராஜா சாப்பிடுவதற்கு ஒரு சொல், பிரபு சாப்பிடுவதற்கு ஒரு சொல், லோசலின் சாப்பிடுவதற்கு ஒரு சொல். வாயைத் திறந்த உடனே யார் மேலே, யார் கீழே என்று வெளிச்சமாகிவிடும். மேலே இருக்கிறவன் 'பன்றியைக் கொண்டா' என்பான். கீழே இருக்கிறவன் தலையைத் தாழ்த்திக் கேட்பான். ரெண்டிலும் வெட்கம் இல்லை. ஆனால் இந்த வெய்ன் ரெண்டும் கெட்டான். சொல்ல முதுகெலும்பு இல்லை. கேட்கத் தலை வணங்காது. ராஜாவுக்கும் நாய்க்கும் ஒரே 'யூ'வை வைத்துக்கொண்டு, அதில் எது 'நீ', எது 'நீங்க' என்பதை முகத்தைப் பார்த்து நீயே கண்டுபிடித்துக்கொள் என்று விட்டுவிடுகிறவன்.

போதாக்குறைக்கு 'லாஸ்'. லோசலின் என்று முழுசாகச் சொன்னால் பல்லா உதிர்ந்துவிடும்?

அடுத்த திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் லுபே அதை எட்டிப் பார்த்தாள். லுபே லேபிள் ஒட்டுகிறவள், லோசலினுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. ரெண்டு வருஷம் முன்னால் லாரிப் படியிலிருந்து விழுந்து இடுப்பு போனவள். வரிசையில் யாரும் உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது என்பது கொட்டகை வழக்கம். லோசலின் சர்ச் ஹாலிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கி வந்து கடைசியில் லேபிள் மேஜைக்குப் பக்கத்தில் போட்டு, "உக்காரு" என்றாள். லுபே உட்கார்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை.

"என்னக்கா எழுதியிருக்கான்?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதாம். லைப்ரரியில வியாழக்கிழமை மத்தியானம் வகுப்பாம். எட்டு வாரம். கடைசியில அந்த டீச்சரும் வெய்னும் சேர்ந்து பரீட்சை வைப்பாங்களாம். சொல்றதைப் புரிஞ்சுக்கறான்னு அவங்க எழுதிக் குடுத்தாத்தான் நான் மேஸ்திரி."

"இல்லைன்னா?"

"கைலீன்."

லுபே சாப்பாட்டை மூடி வைத்தாள். கைலீன் வெய்னின் மச்சினி மகள். இருபத்திரண்டு வயசு. 'இந்த முக்காலி பாக்கவே அசிங்கமா இருக்கு' என்று போன வாரம்தான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கைக்கு வரிசை போனால் லுபேவுக்கு பேலட், அதாவது லாரியில் ஏற்றும் பலகை மேல் பெட்டி அடுக்குகிற இடம்தான். பத்து கிலோ பெட்டியை இடுப்பிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து தலைக்கு மேலே. ஒரு வாரம் தாங்க மாட்டாள்.

"ஆமான்னு சொல்லித் தொலையேன் அக்கா. ஒரு சின்ன வார்த்தைதானே."

"அவன் என்ன கேக்கறான்? எனக்கு விருப்பமான்னு கேக்கறான். எனக்கு விருப்பம் இல்லை. சர்ச்சுல பைபிளைத் தொட்டுட்டு வந்து இங்க பொய் சொல்லச் சொல்றியா?"

"கடவுள் இந்த தட்டு விஷயத்தையெல்லாம் கணக்குல எடுத்துக்க மாட்டாரு."

"உனக்கு ரொம்பத் தெரியும்."

லுபே சிரிக்கவில்லை. தன் முக்காலியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லோசலின் திட்டித் தீர்த்திருப்பாள். சொல்லாததால் வியாழக்கிழமை லைப்ரரிக்குப் போனாள்.

டீச்சர் பெயர் நோரீன். மெலிந்த உடம்பு, பெரிய மரப் பாசிமாலை, எதற்கெடுத்தாலும் 'அருமை' என்கிற வாய். மூன்று நிற அட்டைகள் வைத்திருந்தாள். நீல அட்டையில் ஆட்கள்: நான், நீ, அவன், அவள், அவர்கள். மஞ்சள் அட்டையில் செய்ய வேண்டிய காரியங்கள்: போக, வர, கொண்டுவர, சொல்ல. பச்சை அட்டையில் பொடிச் சொற்கள்: கிட்ட, கூட, இருந்து, மேல, காக. பச்சை அட்டைகள்தான் ஏராளம். மேஜை முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி பரப்பி வைத்திருந்தாள்.

"பாருங்க, எவ்வளவு சுலபம். நீலம், மஞ்சள், பச்சை, மறுபடி நீலம். ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கிட்டே போகலாம். 'நான் அவளை உன்கூட அவன்கிட்ட போகச் சொல்லணும்னு நீ விரும்பறியா?'"

"அதுல யார் போறாங்க?" என்று கேட்டாள் லோசலின்.

"அவள்தான்."

"அப்போ அவளைக் கூப்பிட்டுப் 'போ'ன்னு சொன்னாப் போச்சே. நடுவுல நாலு பேர் என்னத்துக்கு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஜீப் சிரித்தான். பாதாம் தோட்டத்தில் வேலை செய்கிற ஆப்கானிஸ்தான்காரன். அவன் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், 'நோ வரீஸ்'. கவலையே வேண்டாம், செய்துவிடுகிறேன். எதைக் கேட்டாலும் அதுதான். நோரீன் பேனாவைக் கேட்டால் நோ வரீஸ். உன் பெயர் என்ன என்று கேட்டாலும் அதையேதான் சொல்லுவான் போலிருக்கிறது. நோரீனுக்கு அவன்தான் செல்லம்.

"லோசலின், அப்படிச் சொன்னா நம்ம ஊர்ல மரியாதைக் குறைவு. விருப்பமான்னு கேக்கறது மரியாதைக்கு."

"யாருக்கு மரியாதை?"

"கேக்கப்படறவங்களுக்கு. உங்களுக்குத்தான்."

"நான் விருப்பம் இல்லைன்னு சொன்னா?"

"அது... அப்படிச் சொல்ல மாட்டாங்க பொதுவா."

"சொல்ல முடியாதுன்னா என்கிட்ட கேப்பானேன்?"

நோரீன் பாசிமாலையைத் திருகினாள். "அருமையான கேள்வி. அடுத்த வாரம் பேசலாமா?"

அடுத்த வாரமும் பேசவில்லை, அதற்கடுத்த வாரமும் பேசவில்லை. லோசலின் ஏழு வியாழக்கிழமை அட்டை அடுக்கினாள். இத்தனை கப்பல் விட்டு, இத்தனை நாடு பிடித்து, கடைசியில் ஒரு தட்டை எடுத்து வா என்று நேராகச் சொல்ல முடியாமல் மேஜை நிறைய எறும்பை வளர்த்து வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அடுக்கினாள். நஜீபை விட வேகமாக அடுக்கினாள். எட்டுப் பெட்டி ரயில், பத்துப் பெட்டி ரயில். நோரீன் 'அருமை' என்றபோது, நாய்க்குட்டி கையை நக்கினால் துடைத்துக்கொள்கிற மாதிரி ஒரு முகம் காட்டினாள்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு சர்ச் முடிந்து லோசலின் வீட்டில் சாப்பாடு. சேம்பு இலையில் டின் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்துச் சுட்டது. லுபே ரெண்டு பொட்டலம் தின்றுவிட்டு, ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாள்.

"நான்தான் வெய்ன். லாஸ், கண்ணு, அந்த உப்பை எனக்காக இங்க நகர்த்தணும்னு உனக்கு ஏதாவது ஆசை இருக்கா?"

"கை இல்லையா உனக்கு?"

"அக்கா."

"சரி. நோ வரீஸ்." உப்பு ஜாடியை டொக்கென்று வைத்தாள்.

"முகத்தை அப்படி வச்சுக்காதே. செத்த வீட்டுல நிக்கற மாதிரி."

"முகத்துக்கும் பரீட்சையா?"

"இன்னொண்ணு. லாஸ், ஜன்னலை மூடிட்டு வர உனக்குச் சம்மதமா இருக்குமோ என்னமோன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"நீ யோசி. நான் சாப்பிடறேன்."

லுபே தொப்பியைக் கழற்றிவிட்டாள். தொடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். உட்காரும்போது மூச்சை அடக்கிக்கொண்டதை லோசலின் பார்த்தாள்.

"மாட்டு தொப்பியை" என்றாள். "மறுபடி கேளு. எத்தனை தடவை வேணா கேளு."

வியாழக்கிழமை அவள் கறுப்புப் பாவாடை உடுத்தி, இடுப்பைச் சுற்றி நெய்த பாயைக் கட்டிக்கொண்டு லைப்ரரிக்குப் போனாள். நோரீன் கையைக் கோத்துக்கொண்டு ரசித்தாள்.

"எவ்வளவு அழகா இருக்கு. இது என்ன விசேஷத்துக்குக் கட்டுவீங்க?"

"மதிக்க வேண்டியவங்க முன்னாடி போறப்போ கட்டுவோம்."

"ஐயோ, எங்களுக்காகவா?"

"இல்லை. பரீட்சைக்கு."

வெய்ன் ஏற்கெனவே வந்து சின்ன நாற்காலியில் பெரிய உடம்பை அடக்கி உட்கார்ந்திருந்தான். கையில் நோரீன் கொடுத்த காகிதம். அதில் ஐந்து கேள்விகள். அவன் வாசிக்க வேண்டும், லோசலின் புரிந்துகொண்டு செய்ய வேண்டும், நோரீன் தன் மதிப்பீட்டுத் தாளில் டிக் போட வேண்டும்.

"அந்தப் பேனாவை என்கிட்ட குடுக்க உனக்கு விருப்பமா, லாஸ்?"

"நோ வரீஸ்." கொடுத்தாள்.

"நோரீன்கூடப் போய் ஜன்னல்கிட்ட நிக்க விருப்பமா?"

"நோ வரீஸ்." போனாள், நின்றாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு கிழவன் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் செத்த வீடு ஆகாமல் இருக்க அதுதான் வழி.

மூன்றாவது, நான்காவது, எல்லாம் ஆயிற்று. நோரீன் டிக்கைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள். "ஒண்ணே ஒண்ணு பாக்கி. அருமையாப் போயிட்டிருக்கு."

வெய்ன் காகிதத்தைப் பார்த்தான். பிறகு காகிதத்தை முட்டியில் கவிழ்த்து வைத்தான். லோசலினைப் பார்க்காமல் மேஜை மேல் கிடந்த பச்சை அட்டைகளைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"இதை நம்ம கொட்டகை விஷயமாவே கேக்கலாமே, நிஜம் மாதிரி இருக்கும். லாஸ், லுபேவை அந்த முக்காலியை விட்டுட்டு பேலட் பக்கம் போகச் சொல்லி நீ அவகிட்ட பேச உனக்கு விருப்பமா, எனக்காக? திங்கட்கிழமையிலேர்ந்து?"

நோரீன் பேனாவைத் தூக்கித் தயாராக வைத்திருந்தாள். வாக்கியம் நன்றாக நீளமாக இருந்ததில் அவளுக்குத் திருப்தி. மற்றது எதுவும் அவளுக்குத் தெரியாது.

லோசலினுக்குத் தெரிந்தது. மூன்று மாசமாக முக்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தவன், லுபே முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியாதவன், அதை ஒரு பரீட்சைக் காகிதத்துக்குள் சுருட்டி அவள் கையில் திணிக்கிறான். 'நோ வரீஸ்' என்றால் மேஸ்திரி வேலை இருக்கும். லுபேவை அவளே எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் பேலட் முன்னால் நிறுத்த வேண்டும். 'இல்லை' என்றால் புரியவில்லை என்று எழுதுவார்கள். கைலீன் வருவாள். அப்போதும் லுபே அங்கேதான்.

"இல்லை" என்றாள்.

நோரீனின் பேனா அந்தரத்தில் நின்றது. "லோசலின், அவசரப்படாதீங்க. இன்னொரு தடவை யோசிச்சுப் பாக்க விரும்புவீங்களா?"

"அதான் சொன்னேனே" என்றான் வெய்ன், நோரீனிடம். "அவளுக்குக் கொஞ்சம் நீளமாப் போனாப் புரியறதில்லை."

லோசலின் நாற்காலியைத் திருப்பி அவனுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். ஏழு வியாழக்கிழமையாகச் சேர்ந்த எறும்புகள் அத்தனையும் வரிசையாக வெளியே வந்தன, ஒன்று கூட இடம் மாறாமல்.

"எனக்குப் புரிஞ்சுது. நீங்க அவளை இங்கேர்ந்து அங்க போகச் சொல்ல விரும்பறீங்க. அதை உங்களுக்காக நான் அவகிட்ட சொல்லணும்னு நீங்க என்கிட்ட கேக்கறீங்க. அதைச் சொல்ல எனக்கு விருப்பமான்னும் கேக்கறீங்க. எனக்கு விருப்பம் இல்லை. நீங்க அவளைப் போகச் சொல்ல விரும்பினா, நீங்களே அவகிட்டப் போய், அவளைப் பாத்து, அவகிட்ட சொல்லுங்க. இல்லைன்னா, 'லோசலின், இதைச் செய்'னு எனக்கு உத்தரவு போடுங்க. போட்டா அது உத்தரவுன்னு எடுத்துக்கறேன். இப்போ போடுங்க. டீச்சர் எழுதிக்கட்டும்."

வெய்னின் கழுத்து சிவந்தது, பிறகு காது.

"நான் அப்படிச் சொல்ல வரலை லாஸ். சும்மா ஒரு... நீ என்ன நினைக்கறேன்னு ஒரு..."

"நினைக்கறதைச் சொல்லிட்டேன்."

"உத்தரவெல்லாம் நான் போடறவன் இல்லை. எல்லாரும் சேர்ந்து வேலை செய்யறோம், அவ்வளவுதான்."

"அப்போ உத்தரவு இல்லை?"

"இல்லை."

"டீச்சர், உத்தரவு இல்லைன்னு அவர் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

நோரீன் பாசிமாலையை விட்டுவிட்டுத் தன் மதிப்பீட்டுத் தாளைப் பார்த்தாள். அதில் அவளுக்கு இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: சொல்வதைப் புரிந்துகொள்கிறாரா? செய்கிறாரா என்று இல்லை. அவள் வெய்னைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தாள். அவன் அவள் ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தான். ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை லோசலின் பார்த்தாள். இவர்களிடமா எட்டு வாரம் படித்தோம் என்றிருந்தது.

"டிக் போடறதா இல்லையா? எனக்கு மூணரை பஸ் இருக்கு."

நோரீன் டிக் போட்டாள். சின்னதாகத்தான் போட்டாள். கீழே 'நன்றாகப் புரிந்துகொள்கிறார், இணக்கம் போதாது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். வெய்ன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் ரெண்டு தடவை தொட்டுவிட்டு மூன்றாவது தடவை போட்டான். மாட்டேன் என்று சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டுமே.

வெள்ளிக்கிழமை காலையில் வரிசையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. பத்து மணிக்கு வெய்ன் வந்தான். கத்தரிகளின் ஓசை குறைந்தது. லுபே லேபிள் சுருளை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"லாஸ்."

"சொல்லுங்க."

"பேலட் பக்கம் ஒரு ஆள் தேவைப்படுது."

"யார்னு சொல்லுங்க."

அவன் முக்காலியைப் பார்த்தான். லுபே அவனை நேராகப் பார்த்தாள். அப்படி நேராகப் பார் என்று லோசலின்தான் சொல்லியிருந்தாள்.

"யாராவது ஒருத்தர்" என்றான்.

"அந்தப் பேர்ல இங்க யாரும் வேலை செய்யலை. பேரைச் சொல்லுங்க."

வெய்ன் தொப்பியைக் கழற்றினான். திராட்சை இந்த வருஷம் நல்ல இனிப்பு என்றான். பிறகு போய்விட்டான்.

"அக்கா" என்றாள் லுபே கொஞ்ச நேரம் கழித்து, தலையைக் குனிந்து லேபிள் ஒட்டிக்கொண்டே. "ஒருவேளை நாளைக்கு வந்து சொல்லிட்டான்னா?"

"சொன்னா நீ போகணும்."

"நீ விட்டுடுவியா?"

"மேனேஜர் அவன். என் முன்னாடி வந்து நின்னு வாயைத் திறந்து சொன்னா, நானே கூட்டிக்கிட்டுப் போய் விடுவேன். அப்புறம் பெட்டியை உன்கூட நின்னு தூக்குவேன். அது வேற."

லுபே அடுத்த பெட்டியை இழுத்தாள். ஒரு லேபிள் கோணலாக ஒட்டியது. உரித்து மறுபடி ஒட்டினாள்.

பதினொரு மணிக்கு பேலட் பக்கம் பெட்டிகள் மலையாகக் குவிந்துவிட்டன. வெய்ன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே அடுக்க ஆரம்பித்தான். இடுப்பிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து தலைக்கு மேலே. ஐம்பத்தாறு வயசு, அந்த வயிறு, முழங்காலில் பட்டை. பத்தாவது பெட்டியில் நின்று மூச்சு வாங்கினான். கைலீன் அவனைத் தாண்டிப் போனாள், போனைப் பார்த்துக்கொண்டு. அவளிடமும் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

லோசலின் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஒரு வாக்கியத்தைச் சொல்வதை விட நாற்பது பெட்டி தூக்குவது அவனுக்கு லேசாக இருக்கிறது. இந்த அறுவடை முடிய மூன்று வாரம். மூன்று வாரமும் தூக்குவான்.

"லாஸ்" என்று அங்கிருந்தே கூப்பிட்டான், மூச்சிரைக்க. "இங்க வந்து எனக்கு ஒரு கை குடுக்க உனக்கு..."

அவள் கத்தரியை நிறுத்திவிட்டு, வாக்கியம் முடியட்டும் என்று காத்திருந்தாள். அவன் முடிக்கவில்லை. பெட்டியைத் தூக்கினான். அவள் அடுத்த குலையை எடுத்தாள்.